கவர் லெட்டருங்களாமா!

நம்ம கோயமுத்தூர்ல பம்பு, மோட்டார் கம்பெனிகளுக்கா பஞ்சம்? கம்ப்யூட்டர்ல ஓடற, உலோகம் வெட்டற மெஷினுக்குப் புரோகிராம் எழுத சிஎன்சி புரோகிராமர் வேணும்னு நாங்க விளம்பரம் போட்டா மெயில் வந்து குமியுதுங்க. விண்ணப்பத்தோட வெக்கற அத்தனை கவர் லெட்டரும் ஒரே அச்சு. ‘நான் கடின உழைப்பாளி, சவால்களை விரும்புபவன்.’ ஏனுங்க, சோம்பேறின்னு யாராச்சும் எழுதுவாங்களா? ஒரு தம்பி ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா’ன்னு அந்தக் கோட்டைக்கூட அழிக்கலீங்க. இன்னொருத்தர் போட்டிக் கம்பெனி பேரைப் போட்டு, அங்க சேர்றது சிறுவயதுக் கனவுங்கறார். அட சாமி, பம்பு கம்பெனிக்கு யாருங்க சின்ன வயசுல கனா கண்டது!

எங்களுக்கு வேண்டியது நாலு வரி. ஃபேனக்கா சீமென்ஸா, மெஷினை எந்தக் கம்பெனி கன்ட்ரோலர்ல ஓட்டுனீங்க? வார்ப்பிரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? ஷாஃப்டுல எத்தனை மைக்ரான் டாலரன்ஸ் (அளவுல விடற வித்தியாசம்) பிடிச்சீங்க? தண்ணியைத் தள்ளற இம்பெல்லர் சக்கரத்துல போர் சைஸ், அதான் நடு ஓட்டையோட அளவு, அவுட் ஆனப்ப டூல் ஆஃப்செட்டைத் (மெஷின்ல குடுக்கற வெட்டுளி அளவு) திருத்துனீங்களா, பீஸைப் பிடிக்கற ஃபிக்ஸ்சரை மாத்துனீங்களா? நேர்ல கேட்டா இதெல்லாம் கடகடன்னு கொட்டறாங்க, லெட்டர்ல ஒண்ணையும் காணோம். (விளம்பரத்துல ‘கவர்ச்சிகரமான சம்பளம்’னு மழுப்பற எங்க ஆபீஸும் யோக்கியமில்லீங்க, அது வேற கதை.)

இப்பப் புதுசா ஏஐ எழுதிக் குடுக்குது. அடியில ‘உங்கள் பெயரை இங்கே இடவும்’னு கெடக்கறதை அப்படியே அனுப்பறாங்க. யாரைனுங்க நான் இன்டர்வியூக்குக் கூப்படறது?