அம்மாவின் பச்சைப் புத்தகம்

வாக்களிக்க வருபவரிடம் அடையாள அட்டை கேட்பது தவறென்று நான் சொல்லவில்லை. அதை ஒழுங்காகக் கொடுத்தால் போதாதா? தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து அம்மாவை மூன்று முறை அட்டை வழங்கும் உள்துறை அலுவலகத்துக்கு அழைத்துப் போய் வந்துவிட்டேன். விடிவதற்கு முன்பே வரிசை. பத்து மணிக்கு ஒருவர் கதவருகே வந்து, "கணினி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்கிறார். மறுநாளும் அதே பல்லவி!

அட்டைக்கு முந்தைய வடிவமான அம்மாவின் பச்சை அடையாளப் புத்தகம் முதுகு கிழிந்து ரப்பர் பேண்டில் நிற்கிறது. படத்தில் பொட்டு மட்டுமே தெரிகிறது. ஓட்டுநர் உரிமம் வாக்குச்சாவடியில் செல்லாது. தற்காலிக அடையாளச் சான்றிதழ் செல்லும், ஆனால் அதையும் இதே வரிசையில் நின்றுதானே வாங்கவேண்டும்?

1994 ஏப்ரலில், எல்லா இனத்தாருக்கும் முதன்முறையாக வாக்குரிமை கிடைத்த தேர்தலில், எல்லோரோடும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தவர் அம்மா. அன்று கட்டிய புடவையை இன்னும் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறார். அவரையா வாக்குச்சாவடி வாசலிலிருந்து திருப்பி அனுப்புவார்கள்?