"படத்திலேயே காட்டினாங்களே!"

நேற்று ராத்திரியும் அதே சண்டை. லைவ் எய்ட் கச்சேரியின் பழைய ஒளிப்பதிவைப் போட்டுவிட்டு நாலு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், க்வீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழு. பாடகர் ஃப்ரெடி மெர்குரி ஓடி வந்து பியானோ முன்னால் உட்கார்ந்தாரோ இல்லையோ, பக்கத்தில் இருந்த நண்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாவம்டா, சாகப்போறோம்னு தெரிஞ்சுதான் பாடறாரு" என்றான். இல்லை என்றேன். "குழு உடைஞ்சு ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தானே ஒண்ணா சேர்ந்தாங்க?" என்றான். அதுவும் இல்லை என்றேன். உடனே வந்து விழுந்தது அந்த வாக்கியம்: "படத்திலேயே காட்டினாங்களே!"

இதை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! புதிதாகக் கேட்க வந்தவர்கள் சொன்னால் பரவாயில்லை. இவன் என்னைவிடப் பழைய ரசிகன். ஆல்பங்கள் எல்லாம் வரிசையாக வைத்திருப்பவன். எந்தப் பாட்டில் எங்கே கிட்டார் நுழையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அவனுடைய முப்பது வருட ஞாபகத்தை, 2018-இல் க்வீன் கதையாக வந்த 'போஹீமியன் ராப்சடி' என்ற இரண்டேகால் மணி நேரப் படம் ஒன்று துடைத்துவிட்டுத் தன் காட்சிகளை அங்கே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

நடந்தது என்ன? 1984 பிப்ரவரியில் 'தி வொர்க்ஸ்' ஆல்பம் வெளிவந்தது. அதற்கான சுற்றுப்பயணத்தில் ஊர் ஊராக வாசித்தார்கள். 1985 ஜனவரியில் ரியோவில் கடல் போன்ற கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார்கள். மே மாதம் ஜப்பானில் அந்தப் பயணத்தை முடித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டே மாதத்தில் வெம்ப்ளி. இதில் பிரிவு எங்கே இருக்கிறது, கண்ணீரோடு சேர்ந்தது எங்கே இருக்கிறது? தனி ஆல்பம் போடப்போகிறேன் என்று ஃப்ரெடி சொன்னதும் மற்றவர்கள் இடி விழுந்தாற்போல நிற்பதாகப் படத்தில் வருகிறது. டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர் 1981-லேயே தனி ஆல்பம் போட்டாயிற்று. கிட்டார் வாசிக்கும் பிரையன் மே 1983-இல் வெளி ஆட்களோடு சேர்ந்து ஒரு பதிவு வெளியிட்டாயிற்று. அவர்களுக்கெல்லாம் பின்னால் போட்டவர்தான் ஃப்ரெடி. துரோகிப் பட்டம் மட்டும் அவருக்கு. திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கும் காட்சியும் அவருக்கே. பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. மேயும் டெய்லரும் அந்தப் படத்தின் இசைக்குப் பொறுப்பாளர்கள். நடந்தது எது, நடக்காதது எது என்று அவர்களுக்குத் தெரியாதா?

சின்னச் சின்ன மாற்றங்களுக்கு நான் கோபப்படவில்லை. ஜான் டீகன் 1971-இல்தான் பேஸ் வாசிக்க வந்தார், படத்தில் முதல் கச்சேரியிலேயே நிற்கிறார். சரி, போகட்டும். அவருக்கு முன்னால் வந்து போனவர்களை எல்லாம் காட்டிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. 1977-இல் வெளிவந்த 'வீ வில் ராக் யூ' பாட்டு படத்தில் 1980-இல், மீசை வைத்த ஃப்ரெடி வந்த பிறகு பிறக்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கிறது, அதையும் விழுங்கிக்கொள்கிறேன்.

நோய் விஷயத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. தனக்கு எய்ட்ஸ் இருப்பதை ஃப்ரெடி வெளியுலகத்துக்கு அறிவித்தது 1991 நவம்பர் 23. மறுநாள் உயிர் போனது. தன் உடம்புக்கு என்ன ஆனது என்பதைக் கடைசி வரை நெருங்கியவர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்ட மனிதர் அவர். நோய் உறுதியானது 1987-இல் என்று அவரோடு வாழ்ந்த ஜிம் ஹட்டனே எழுதியிருக்கிறார். அதாவது லைவ் எய்ட் முடிந்து ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து. படம் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து லைவ் எய்ட் ஒத்திகைக்கு முன்னால் வைக்கிறது. எதற்கு? கடைசிக் காட்சியில் நாம் இன்னும் கொஞ்சம் அழவேண்டும், அதற்கு. ஒரு மனிதன் தன் சாவை யாரிடம் எப்போது சொல்வது என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்து வைத்திருந்தான். அந்த முடிவின் தேதியை மாற்ற இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அப்படி மாற்றியதில் உண்மையான கதை அடியோடு போய்விட்டது. 1984 அக்டோபரில் க்வீன் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் வாசித்தது. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். கலைஞர்கள் அங்கே போகக்கூடாது என்ற புறக்கணிப்பு இருந்தபோதே போனார்கள். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது, ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறியது. அந்தக் கறையோடுதான் அடுத்த ஜூலையில் ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்கான மேடையில் ஏறினார்கள். நாடகம் வேண்டும் என்றால் இதைவிட என்ன வேண்டும்? படத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு பேரும் சேர்ந்து செய்த தப்பை ஒளித்துவிட்டு, ஒருவர் செய்யாத தப்பை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

வெம்ப்ளியில் அவர்கள் அப்படி வாசித்ததற்குக் காரணம் பயிற்சி. லண்டன் ஷா தியேட்டரில் கடிகாரங்களை வைத்துக்கொண்டு, கொடுத்த நேரத்துக்குள் எந்தப் பாட்டை எங்கே வெட்டி எதோடு ஒட்டுவது என்று நிமிடக் கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். அந்த 21 நிமிடம் தொழில் தெரிந்தவர்களின் உழைப்பு. இப்போது அதைப் பார்க்கிறவனுக்கு உழைப்பு தெரியவில்லை, நோய் மட்டும் தெரிகிறது. படத்துக்கோ நாலு ஆஸ்கர், வசூல் 90 கோடி டாலருக்கு மேல்.

இது ஒரு படத்தோடு முடிகிற வியாதியும் இல்லை. 1991-இல் வந்த 'தி டோர்ஸ்' படத்தில் எட் சல்லிவன் ஷோ காட்சி ஒன்று உண்டு. பாட்டில் போதையைக் குறிப்பதாகப் படும் 'ஹையர்' என்ற சொல் வரக்கூடாது என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசனாக நடித்த வால் கில்மர் கேமராவுக்கு நேராக அந்தச் சொல்லைக் கத்துவார். வாலிப வயதில் பார்த்த அந்தக் கத்தல் என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. பல வருடம் கழித்து 1967-இன் நிஜ ஒளிப்பதிவு கையில் கிடைத்தது. பார்த்தேன். கத்தல் வரவில்லை. தவறவிட்டுவிட்டேன் என்று பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது தடவை காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மாரிசன் அந்தச் சொல்லை அடுத்த சொல்லைப் போலவே சும்மா பாடிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். கத்தவே இல்லை. அந்த அலட்சியம்தான் எத்தனை அழகு! மாற்றிப் பாடு என்றவர்கள் சொன்னது காதிலேயே விழாதது போன்ற அலட்சியம். அதை நான் முதல் தடவை பார்க்கும்போதே ரசித்திருக்க வேண்டும். இல்லாத கத்தலைத் தேடிக்கொண்டிருந்தேன். என் முதல் தடவையைத் திருப்பித் தருவது யார்? கூடவே கீபோர்ட் வாசித்த ரே மேன்சரெக், இது எங்கள் ஜிம் இல்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். யார் கேட்டார்கள்?

பீட்டில்ஸின் ஹாம்பர்க் நாட்களைச் சொல்லும் 'பேக்பீட்' வந்தபோது, தான் பாடிய 'லாங் டால் சாலி'யை ஜான் லெனன் பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பால் மெக்கார்ட்னியே வருத்தப்பட்டார். பாடிய ஆளே உயிரோடு இருந்து சொன்னார். அவர் கதியே இது.

"சினிமான்னா அப்படித்தான், அது டாக்குமெண்டரியா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிண்டல் படங்களைப் பாருங்கள். 1984-இல் ராப் ரைனர் எடுத்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்'பில் வருவது கற்பனைக் குழு. மேடைக்கு 18 அடி உயரத்தில், இங்கிலாந்தின் பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி ஒன்று வேண்டும் என்று கிட்டார்க்காரர் நாப்கினில் வரைந்து கொடுக்கிறார். அடி என்பதற்குப் பதில் அங்குலக் குறி போட்டுவிடுகிறார். கச்சேரியில் மேலேயிருந்து இறங்கி வருவது முழங்கால் உயரத்துக்கு ஒரு பொம்மைக் கல். பொய்தான். ஆனால் 1983-இல் நிஜமான பிளாக் சபாத் குழு ஸ்டோன்ஹெஞ்ச் அரங்கமைப்போடு கிளம்பி, அது மேடைகளுக்குள் அடங்காமல் தவித்திருக்கிறது. பீட்டில்ஸைக் கிண்டல் செய்து 1978-இல் எரிக் ஐடில் எடுத்த 'ரட்டில்ஸ்' படத்தில், குழுவின் அலுவலகத்திலிருந்து ஆட்கள் சாமான்களை வெளியே தூக்கிக்கொண்டு போவார்கள். அதன் முன்னால் மைக்கோடு நிற்கும் நிருபர் வேடத்தில் இருப்பவர் ஜார்ஜ் ஹாரிசன், பீட்டிலே தான்! தங்கள் ஆப்பிள் நிறுவனத்தில் நடந்த திருட்டை அவர் அப்படிச் சொல்லிக் காட்டினார். பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பொய் சொன்னவர்கள் என் ஞாபகத்தில் கை வைக்கவில்லை. ரட்டில்ஸ் பார்த்துவிட்டு பீட்டில்ஸ் வரலாற்றைக் குழப்பிக்கொண்ட ஒரு ரசிகனை நான் இன்றுவரை சந்தித்ததில்லை.

நிஜப் பெயர்களை வைத்து எடுத்தாலும் நேர்மையாக இருக்க முடியும். மான்செஸ்டர் குழுக்களைப் பற்றி 2002-இல் வந்த '24 ஹவர் பார்ட்டி பீப்பிள்' படத்தில் ஒரு காட்சி. அதில் சம்பந்தப்பட்டதாகக் காட்டப்படும் பாடகர் ஹோவர்ட் டிவோட்டோ நிஜமாகவே திரையில் வந்து, இப்படி நடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார். சில விநாடிதான். அந்தச் சில விநாடி எனக்குக் கொடுத்த மரியாதையை இந்த ஆஸ்கர் படம் கடைசி எழுத்து ஓடும்வரை கொடுக்கவில்லை.

நேற்று நண்பனை விடவில்லை. 1985 ஜனவரி ரியோ கச்சேரியைப் போட்டேன். தேதியைக் காட்டினேன். கூட்டம் மொத்தமும் பாட, ஃப்ரெடி பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவனும் பேசாமல் பார்த்தான். முடிந்ததும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "இருந்தாலும் படத்துல அழுகையே வந்துருச்சுடா எனக்கு" என்றான்.

எனக்கும்தான் வந்தது. தியேட்டரில் விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நடக்காத ஒன்றுக்காக அழ வைத்தார்களே என்று இன்னும் ஆறவில்லை.