கொரியக் காவலர் எங்கே?
ஜப்பானிய இயக்குநர் நாகிசா ஓஷிமாவின் 'மெர்ரி கிறிஸ்துமஸ் மிஸ்டர் லாரன்ஸ்' (1983), இரண்டாம் உலகப் போரின்போது ஜாவாவில் இருந்த ஜப்பானியப் போர்க்கைதி முகாமில் நடக்கும் படம். அதைப் பற்றி இங்கே வந்திருக்கும் கட்டுரை, கிழக்குக்கும் மேற்குக்குமான மோதல் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அப்படியானால் கனேமோட்டோவை எந்தப் பக்கம் சேர்ப்பது? படம் தொடங்குவதே அந்தக் கொரியக் காவலரில்தான். டச்சுக் கைதியிடம் அத்துமீறியதற்காக ஜப்பானிய சார்ஜென்ட் ஹாரா அவரை அடித்து, வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொல்கிறார். அந்தக் காட்சி தேவையில்லை என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கோ படத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. கொரியா அன்று ஜப்பானின் காலனி. ஜாவா முகாம்களிலும் கொரியாவிலிருந்து திரட்டப்பட்ட இளைஞர்கள் காவலுக்கு நின்றார்கள். மேலே இருப்பவனிடம் அறை வாங்கி, கீழே இருப்பவனை அறைந்தவர்கள். கைதிகள் பட்ட வதையை இது கழுவிவிடாது. ஆனால் போருக்குப் பின் 148 கொரியர்கள் போர்க்குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டார்கள், 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது என்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? ஓஷிமாவும் இதைத் தற்செயலாக வைக்கவில்லை. ஜப்பானில் கொரியர்கள் நடத்தப்பட்ட விதத்தை 1968-லேயே 'டெத் பை ஹாங்கிங்' படத்தில் கேள்வி கேட்டவர் அவர். படத்தில் நடித்த பாடகர் டேவிட் போவிக்கும், இசையமைத்த சகாமோட்டோவின் இசைக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்த கட்டுரையாளர், கனேமோட்டோவுக்கு அரை வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.