நரி வேட்டைத் தடையும் மணத்தட ஓட்டமும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவது 2005 பிப்ரவரி 18 முதல் குற்றமாகிவிட்ட நிலையில், வேட்டைக் குழுக்கள் அதற்குப் பதிலாக நடத்தும் மணத்தட ஓட்டத்தையும் (தரையில் இட்ட மணத்தை நாய்கள் மோப்பம் பிடித்து ஓட, குதிரைகளில் பின்தொடர்வது) தடை செய்வது கிராமத்தாரைப் பழிவாங்கும் செயல் என்று நான் படித்த கட்டுரை ஒன்றின் ஆசிரியர் வாதிடுகிறார். இதை என்னால் ஏற்க இயலவில்லை.

மணத்தடம் இடுவதில் இரு முறைகள் உண்டு என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. தடைக்கு நெடுங்காலம் முன்பிருந்தே நடந்துவரும் முறையில், சோம்பு போன்ற விலங்கு சாராத மணம், முன்பே முடிவு செய்த பாதையில் இடப்படும்; அதில் நாய்கள் நரியைத் தேடுவதே இல்லை. தடைக்குப் பின் பரவிய முறையிலோ, நரியின் சிறுநீர் போன்ற விலங்கு மணமே பயன்படுவதோடு, தடம் செல்லும் வழி நாய்களை நடத்துபவருக்கே பெரும்பாலும் தெரிவிக்கப்படுவதில்லை. உயிருள்ள நரி குறுக்கிட்டு, நாய்கள் அதைத் துரத்திக் கொன்றுவிட்டால், அதை விபத்து என்று சொல்லித் தப்பலாம். வேண்டுமென்றே வேட்டையாடினார்கள் என்று நிரூபிக்க வேண்டிய சுமை அரசுத் தரப்பின் மீது விழுகிறது. ஸ்காட்லாந்து 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்த வாசலை அடைத்துவிட்டது.

மணத்தட ஓட்டத்தைத் தடை செய்தால் லாடம் கட்டுவோர், நாய்ப்பட்டி காப்போர் ஆகியோரின் பிழைப்பு என்னாகும் என்ற கட்டுரையாளரின் கவலை நியாயமானதே. ஆனால், விலங்கு மணத்தைத் தடை செய்தாலும், சோம்புத் தடத்தின் பின்னால் அதே குதிரைகள்தாம் ஓடப்போகின்றன. தலைமுறைகளாக நரி மணத்துக்கே பழகிய நாய்களை வேறு மணத்துக்குப் பழக்க ஆகும் காலத்தையும் செலவையும் அவர் வாதமாக முன்வைத்திருந்தால், பதில் சொல்வது இத்தனை எளிதாக இருந்திருக்காது.