இரண்டரை அடிக் கதவு

பாம்பனில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. மே மாதம். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளில் பாதி கழிந்திருக்கிறது. மாமா ஓடாவி, அதாவது படகு கட்டுகிற ஆசாரி. மாப்பிள்ளை அவருடைய அக்கா மகன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். இதுவரை அவனுக்கு மேசையாக இருந்தது மீன் ஐஸ் பெட்டி. அதன் மேல் லேப்டாப்பை வைத்துத் தட்டினால் தெர்மாகோல் கீச்கீச்சென்று கத்தும். மீட்டிங்கில் இருப்பவர்கள், "வீட்டில் கிளி வளர்க்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

மாமா: (இரண்டு அட்டைப் பெட்டிகளைச் சுற்றி வந்தபடி) இதற்குள்ளேயா மேசை இருக்கிறது?

மாப்பிள்ளை: மேசை இல்லை மாமா, மேசைக்குக் கால். ரெடிமேட் புத்தக அலமாரி இரண்டு. இந்தக் கடைசியில் ஒன்று, அந்தக் கடைசியில் ஒன்று. மேலே ஒரு பலகை. முடிந்தது.

மாமா: முடிந்ததென்றால் என்னை எதற்குக் கூப்பிட்டாய்? ஊருக்குத்தான் தடைக்காலம், எனக்கு இப்போதுதான் சீசன். ஆறு படகு கரையேறிக் கிடக்கிறது. ஒன்றுக்கு அடிக்கட்டையான ஏராவையே மாற்ற வேண்டும்.

மாப்பிள்ளை: இந்தத் தாளில் படம் போட்டிருக்கிறான், பாருங்கள். தனி ஆளாக நிற்கிறவன் முகம் வாடியிருக்கிறது. இரண்டு பேராக நின்றால் சிரிக்கிறார்கள்.

மாமா: சிரிக்கிறவன் கையில் உளியும் இல்லை, கொட்டாப்புளியும் இல்லை. சிரிக்கத்தான் செய்வான். சரி, பிரி.

(பிரிக்கிறார்கள். மாமா ஒரு பலகையை எடுத்து விரல் முட்டியால் தட்டுகிறார், முகர்ந்து பார்க்கிறார், ஓரத்தை நகத்தால் சுரண்டுகிறார்.)

மாமா: இது என்ன மரம்?

மாப்பிள்ளை: பார்ட்டிக்கிள் போர்டு.

மாமா: எந்தக் காட்டில் விளைகிறது?

மாப்பிள்ளை: விளையாது மாமா. மரத்தூளையும் சீவலையும் பசை போட்டு அழுத்தி, மேலே மரம் மாதிரி ஒரு தாளை ஒட்டிவிடுகிறார்கள்.

மாமா: அப்படியென்றால், நாற்பது வருஷமாக நான் கூட்டித் தள்ளின குப்பையை எவனோ அள்ளிக்கொண்டு போய், பெட்டியில் போட்டு, என் மருமகனுக்கே விற்றிருக்கிறான்.

மாப்பிள்ளை: நல்ல ரேட்டிங் மாமா. நாலரை ஸ்டார்.

மாமா: அந்த நாலரைப் பேரும் மதுரைக்கு வடக்கே இருப்பார்கள். இங்கே காற்றே உப்பு. வீட்டைக் கழுவி விடும்போது அடியில் தண்ணீர் பட்டால், டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி ஊதிப் போகும். அப்புறம் வற்றினாலும் பழைய கனத்துக்கு வராது. அடியில் கொஞ்சம் சுறா எண்ணெய் பூசி விடட்டுமா?

மாப்பிள்ளை: வேண்டாம் மாமா! நான் இதே அறையில்தான் தூங்குகிறேன்.

மாமா: தோணிக்கு அதைப் பூசிவிட்டு அதிலேயே தூங்குகிறவர்கள் இருந்தார்கள். சரி, அணியம் எது, அமரம் எது?

மாப்பிள்ளை: மேசைக்கு ஏது மாமா முன்னும் பின்னும்?

மாமா: நீ எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாய்?

மாப்பிள்ளை: சுவரைப் பார்த்து.

மாமா: அப்போது சுவர்தான் அணியம். இது தெரியாமல் கம்ப்யூட்டர் ஓட்டுகிறானாம்.

(முதல் அலமாரியைப் பூட்டுகிறார்கள். குச்சியைச் செருகி, வளைந்த சாவியால் முறுக்கி, ஒரு வழியாக எழுப்பி நிறுத்துகிறார்கள். மாப்பிள்ளை கை வைத்ததும் அது சாய்கிறது, எடுத்ததும் நிமிர்கிறது.)

மாப்பிள்ளை: மாமா, ஆடுகிறது.

மாமா: ஆடவில்லை, அலைக்கு விட்டுக் கொடுக்கிறது. நல்ல தோணி அப்படித்தான்.

மாப்பிள்ளை: வீட்டுக்குள் ஏது மாமா அலை? இருங்கள், பின்பக்கத்துக்கு மெல்லிசாக ஒரு அட்டை இருந்ததே, எங்கே?

மாமா: அது பெட்டி நசுங்காமல் இருக்க வைத்ததில்லையா?

மாப்பிள்ளை: மாமா!

மாமா: உன் அம்மா முற்றத்தில் கருவாடு காயப் போட்டிருந்தாள். காக்கை தொல்லை. மேலே மூடி வைத்தேன்.

மாப்பிள்ளை: அந்த அட்டைதான் மாமா இதைப் பிடித்து நிறுத்துகிறதே! அது இல்லாவிட்டால் நாலு பலகையும் இப்படிக் கோணிக்கொண்டேதான் போகும்.

மாமா: (கொஞ்ச நேரம் யோசித்து) அட, தோணிக்கு விலா எலும்பாக நிற்கிற வங்கு மாதிரியா? வங்குக்கால் வைக்காத தோணியும் இப்படித்தான் நெளியும். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? உன் தாளில் கருவாட்டுப் படம் போட்டு, மேலே ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

(அட்டை வருகிறது, நெத்திலி வாசத்தோடு. மாமா ஒரு கயிற்றை எடுத்து மூலைக்கு மூலை பிடிக்கிறார். மறு மூலைகளுக்கும் பிடிக்கிறார். இரண்டும் ஒரே நீளம் வருகிற வரை ஒரு தட்டு இங்கே, ஒரு தட்டு அங்கே. அதன் பிறகுதான் ஆணி. இந்த ஒரு வேலையில் மட்டும் அவர் பேசவில்லை. அடுத்த அலமாரி கால் மணி நேரத்தில் எழுந்து நின்றது.)

மாப்பிள்ளை: இப்போது பலகை. கடையில் 710 நம்பர் போட்ட மரைன் பிளைவுட் வாங்கச் சொன்னார்கள். 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் ஒட்டு விடக் கூடாதாம், அதுதான் அதற்குப் பரீட்சை.

மாமா: மூன்று நாள் கொதிக்க வைக்க அது பலகையா, கஷாயமா?

மாப்பிள்ளை: விலையைக் கேட்டதும் நான்தான் கொதித்தேன். நல்லவேளை, பலகைக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டீர்கள். கொண்டுவந்தீர்களா?

மாமா: வாசலில் மீன் வண்டியில் இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் பிடி.

(தார்ப்பாயில் சுற்றிய ஒன்றைத் தூக்கி வந்து அலமாரிகளின் மேல் இறக்குகிறார்கள். தார்ப்பாய் விலகுகிறது.)

மாப்பிள்ளை: மாமா, இது கதவு!

மாமா: ஃபிளஷ் டோர். உள்ளே கட்டை கட்டையாக அடுக்கிய சாலிட் சாமான். ஒன்றேகால் அங்குலம் கனம். ஏழு அடி நீளம், இரண்டரை அடி அகலம். உன் அலமாரி எவ்வளவு?

மாப்பிள்ளை: (டேப் பிடித்து) 77 சென்டிமீட்டர் உயரம், 77 அகலம், 39 ஆழம். கதவின் அகலம் 76. அட, அலமாரியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் அளவெடுத்த மாதிரி உட்காருகிறதே! நடுவில் கால் நீட்டவும் கிட்டத்தட்ட நாலரை அடி கிடைக்கிறது. எங்கே மாமா கிடைத்தது?

மாமா: கிடந்தது.

மாப்பிள்ளை: கதவு எப்படி மாமா சும்மா கிடக்கும்?

மாமா: நின்றது. அப்புறம் கிடந்தது.

மாப்பிள்ளை: ஆனால் வீட்டுக் கதவென்றால் மூன்று அடி அகலம் இருக்குமே?

மாமா: இது ஒல்லிக் கதவு.

மாப்பிள்ளை: இந்தக் கடைசியில் ஒன்றரை அடிக்கு அலுமினியத் தகடு அடித்திருக்கிறது?

மாமா: அது டீ தம்ளர் வைக்கிற இடம். தண்ணீர் சிந்தினாலும் ஊறாது. யோசித்துத்தான் அடித்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை: தாழ்ப்பாள்கூடக் கழற்றாமல் இருக்கிறது. கொடுங்கள் அந்த ஸ்க்ரூ டிரைவரை.

மாமா: (அவசரமாக) தாழ்ப்பாளில் கை வைக்காதே! அதில் பேனா மாட்டலாம்.

மாப்பிள்ளை: ஃபினாயில் வாசனை வேறு வருகிறது.

மாமா: உன் அலமாரியில் நெத்திலி வாசனை வருகிறது. அதைவிட இது மேல். இங்கே பார், பூட்டு இருந்த ஓட்டை. சார்ஜர் வயரை இதில் இறக்கி விடு. கடையில் மேசை வாங்கினால் இந்த ஓட்டைக்குத் தனிக் காசு.

(வயரை இறக்கிப் பார்க்கிறான். கச்சிதம். முகம் மலர்கிறது. மாமா நெற்றி வியர்வையைத் துடைக்கிறார்.)

மாப்பிள்ளை: இனி ஸ்க்ரூதான். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கி வைத்திருக்கிறேன். மூலைக்கு இரண்டு, மொத்தம் எட்டு.

மாமா: ஸ்க்ரூ வேண்டாம்.

மாப்பிள்ளை: ஏன் மாமா? நம் புதுப் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிதானே போட்டிருக்கிறார்கள்?

மாமா: பாலத்துக்குப் போட்டது கான்கிரீட்டுக்குள். உனக்கு இருப்பது அழுத்தின தூள். அது ஸ்க்ரூவை ஒரு தடவைதான் பிடிக்கும். கழற்றி மறுபடி முறுக்கினால் ஓட்டையில் மாவாக உதிரும்.

மாப்பிள்ளை: யார் மாமா கழற்றப் போகிறார்கள்?

மாமா: நாளை எப்படியோ, யாருக்குத் தெரியும்?

மாப்பிள்ளை: முறுக்காவிட்டால் வழுக்குமே?

மாமா: பழைய ரப்பர் செருப்பு இருந்தால் கொண்டு வா.

(ஒரு ஜோடி தேய்ந்த செருப்பு வருகிறது. மாமா உளியால் அதைச் சதுரம் சதுரமாக நறுக்குகிறார். அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் நாலு, அலமாரிகளின் அடியில் எட்டு. மாப்பிள்ளை முழு பலத்தோடு தள்ளிப் பார்க்கிறான். கதவு அசையவில்லை.)

மாமா: பார்த்தாயா? கழுவி விட்டாலும் தண்ணீர் அடிப்பலகையைத் தொடாது. மேலே வழுக்காது. எட்டு ஸ்க்ரூ மிச்சம்.

மாப்பிள்ளை: ஒரு செருப்பில் என் பெயர் எழுதியிருந்தது மாமா. கோயில் வாசலில் மாறாமல் இருக்க.

மாமா: இனி மாறாது.

(மாமா திடீரென்று கதவின் நடுவில் ஏறிச் சம்மணம் போட்டு உட்காருகிறார்.)

மாப்பிள்ளை: ஐயோ, இறங்குங்கள்! லேப்டாப் இரண்டு கிலோகூட இருக்காது!

மாமா: ஆள் ஏறிப் பார்க்காமல் எதையும் நான் கடலில் இறக்கினதில்லை. கயிறு பிடித்துப் பார், நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது?

மாப்பிள்ளை: ஒரு நூல், அரைக்கால் அங்குலம் இருக்கும். இறங்கினால் நிமிர்ந்துவிடும். உட்கார்ந்தே இருக்காதீர்கள்.

மாமா: கனமான புத்தகத்தை நடுவில் அடுக்காதே, அலமாரிக்கு நேர் மேலே வை. எங்கே, நீ உட்கார்.

(மாப்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறான். மேசை விளிம்பு நெஞ்சுக்கு வருகிறது. கை இரண்டும் கோழி இறக்கை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கின்றன.)

மாப்பிள்ளை: மாமா, 77-உம் கதவு 3-உம் செருப்பு 2-உம் சேர்ந்து 82 சென்டிமீட்டர். சாதாரண மேசை 75-தான்.

மாமா: அலமாரியை அறுத்துவிடுவோம்.

மாப்பிள்ளை: அறுத்தால் உள்ளே இருக்கிற தூள் வெளியே வரும்.

மாமா: அப்படியென்றால் நாற்காலி மேல் நாற்காலி போடு.

(ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டைச் செருகுகிறான். கொஞ்சம் உயர்கிறது. மூன்றாவதும் ஏறுகிறது. இப்போது கை சரியாக இருக்கிறது, கால் தொங்குகிறது. மாமா கொல்லைப்புறம் போய் ஐஸ் பெட்டியை எடுத்து வந்து காலடியில் வைக்கிறார்.)

மாப்பிள்ளை: (மேசையைத் தடவியபடி) சும்மா சொல்லக் கூடாது மாமா. ஜம்மென்று இருக்கிறது. இனி எவனும் கிளி பற்றிக் கேட்க மாட்டான். ஒரு போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்புகிறேன்.

மாமா: (பதறி) அத்தைக்கு எதற்கு? அவள் தங்கச்சிமடத்துக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம்தான் வருவாள். வேலையாக இருப்பாள்.

மாப்பிள்ளை: அனுப்பிவிட்டேனே. நீலக் குறி வந்துவிட்டது.

(அமைதி. மாமாவின் போன் அடிக்கிறது. அவர் அதைப் பார்க்கிறார். அது மாமாவைப் பார்க்கிறது.)

மாமா: சொல்லு... சீக்கிரமே வந்துவிட்டாயா? நல்லது... ஆமாம்... ஆமாம், அதேதான்... திரைச்சீலை கட்டியிருக்கிறேனே, பார்க்கவில்லையா?... கச்சான் காற்றுக்குப் பறக்கும்தான்... தம்பி பாவம், ஐஸ் பெட்டியில் வைத்து வேலை பார்க்கிறான்... இதோ, கொண்டு வந்துகொண்டே இருக்கிறேன்.

(போனை வைக்கிறார்.)

மாப்பிள்ளை: மாமா... இது உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக் கக்கூஸ் கதவா?

மாமா: அந்தப் பக்கம் பிடி.

மாப்பிள்ளை: இதற்குத்தான் ஸ்க்ரூ வேண்டாம் என்றீர்களா?

மாமா: தூள் பிடிக்காது என்பதும் உண்மைதான்.

மாப்பிள்ளை: தாழ்ப்பாள்?

மாமா: பேனாவும் மாட்டலாம் இல்லையா? இதோ பார் மாப்ள, பாம்பன் பாலமே நடுவில் எழுந்து வழி விடுகிறது. 72.5 மீட்டர் இரும்பு, அப்படியே 17 மீட்டர் மேலே போய், கப்பல் போனதும் கீழே வந்து உட்காருகிறது. உன் மேசை ஒரு நாளைக்கு இரண்டு தடவை எழுந்து வழி விட்டால் குறைந்தா போய்விடும்?

மாப்பிள்ளை: காலை ஒன்பது மணிக்கு எனக்கு மீட்டிங் மாமா!

மாமா: ஒன்பது மணிக்குள் எங்கள் வீட்டில் எல்லாரும் போய்விட்டு வந்துவிடுவார்கள். தூக்கு.