அந்தச் சதவீதத்தை நம்பிக் கார்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

போன வாரம் என் அக்கா மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். இணையத்தில் ஏதோ ஒரு கணிப்பான். கணினிச் செயலியின் (சிபியு) பெயரையும், திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டின் பெயரையும் கொடுத்தால், 'பாட்டில்நெக் 23 சதவீதம்' என்று சிவப்பு எழுத்தில் தீர்ப்புச் சொல்கிறது. ஒன்று மற்றொன்றை அவ்வளவு இழுத்துப் பிடிக்கிறதாம். "மாமா, இரண்டும் ஒன்றுக்கொன்று சேராதாம். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தான். பல மாதம் பணம் சேர்த்து வாங்கிய கார்டு அது. பெட்டியைப் பிரித்த மகிழ்ச்சி ஒரு நாள்கூட அவனிடம் நிலைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் அவன்மேல் இல்லை, அந்த எண்ணின்மேல்.

நீ என்ன விளையாட்டு ஆடுகிறாய் என்று அந்தக் கணிப்பான் அவனைக் கேட்கவே இல்லை. அதைக் கேட்காமல் இப்படி ஓர் எண்ணைச் சொல்லவே முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள்.

திரையில் தெரியும் ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது அசையும் காட்சியின் ஒவ்வொரு தனிப்படமும், இரண்டு கை மாறித்தான் வருகிறது. முதலில் செயலி. எதிரி எந்தப் பக்கம் திரும்பினான், எறிந்த பொருள் எங்கே விழுந்தது, தெருவில் நடக்கும் நூறு பேரும் இப்போது எங்கே காலை வைக்க வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் பார்ப்பது அதுதான். கணக்கு முடிந்ததும் 'இதை வரை, அதை வரை' என்ற கட்டளைகளை டிரைவர் என்ற இடைநிலை மென்பொருள் வழியாகக் கார்டுக்கு அனுப்புகிறது. கார்டு வரைகிறது. கார்டு இந்த ஃப்ரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே செயலி அடுத்த ஃப்ரேமைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே இருவரில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் மொத்த வேகம்.

விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. 144 வேண்டுமென்றால் 6.9. 240 வேண்டுமென்றால் 4.2 மட்டுமே. ஒரு விளையாட்டில் உங்கள் செயலிக்கு ஃப்ரேம் ஒன்றுக்கு 12 மில்லிவிநாடி பிடிக்கிறது என்று வையுங்கள். விநாடிக்கு 83 ஃப்ரேம், அதற்குமேல் ஏறாது. கார்டு 5 மில்லிவிநாடியில் வரைந்து முடித்தாலும் மிச்சம் 7 மில்லிவிநாடி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இப்போது அதே கணினியை 1080பி திரையிலிருந்து 4கே திரைக்கு மாற்றுங்கள். 20,73,600 பிக்சல் இருந்த இடத்தில் 82,94,400 பிக்சல், சரியாக நான்கு மடங்கு. கார்டுக்கு இப்போது 18 மில்லிவிநாடி தேவைப்படலாம். செயலியின் 12 ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஏனென்றால் தெருவில் நடப்பவர்களின் எண்ணிக்கை பிக்சலைப் பொறுத்தது அல்ல. இப்போது காத்திருப்பது செயலி. ஒரு பாகத்தையும் கழற்றவில்லை, மாட்டவில்லை. ஆனால் பின்தங்குபவர் மாறிவிட்டார். இதில் அந்த 23 எங்கே வருகிறது?

ஆனால் பொருத்தமின்மை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதன் வலி எனக்கு நன்றாகத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் நான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தொடர்) கொண்ட பழைய செயலி ஒன்றோடு, அப்போதைய புதிய கார்டு ஒன்றை ஆசைப்பட்டு மாட்டினேன். சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. ஆனால் விளையாட்டில் கூட்டமான சந்தைக்குள் நுழைந்தால் போதும், படம் இழுத்து இழுத்து நின்றது. நிழலின் தரத்தைக் குறைத்தேன், ரெசல்யூஷனை, அதாவது பிக்சல் எண்ணிக்கையைக் குறைத்தேன், எதுவும் பயனில்லை. கார்டில் கோளாறு என்றே பல வாரம் நம்பினேன். மூலையில் ஓடிய எண் 60 என்றுதான் காட்டியது, கண்ணோ வேறு சொன்னது.

அந்த எண் ஏன் பொய் சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. ஒரு விநாடியில் 59 ஃப்ரேம்கள் தலைக்கு 15 மில்லிவிநாடியில் வந்தால் 885 மில்லிவிநாடி. அறுபதாவது ஃப்ரேம் மட்டும் 115 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 1,000. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்று திரை பெருமையாகக் காட்டும். நீங்கள் பார்த்ததோ பளிச்சென்று தெரியும் ஓர் உறைவு. அதனால்தான் சராசரியைவிட 'ஒரு சதவீத லோ' என்ற எண்ணை, அதாவது மிக மோசமான ஃப்ரேம்கள் எப்படி இருந்தன என்பதை நான் முதலில் பார்க்கிறேன். செயலி தடுமாறும் கணினியில் சராசரி மானத்தைக் காப்பாற்றிவிடும், இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கேதான் என் உறுதியான கருத்து வருகிறது. இரண்டில் ஒன்று பின்தங்கியே தீரும். பின்தங்குவது கார்டாக இருக்கட்டும். கார்டு பின்தங்கினால் ஃப்ரேம்கள் குறையும், ஆனால் பெரும்பாலும் சீராகக் குறையும். அதைச் சரிசெய்ய அமைப்புகளில் பத்து வழி இருக்கிறது: ரெசல்யூஷனைக் குறைக்கலாம், எஃபெக்டுகளைக் குறைக்கலாம், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் போடலாம். செயலி பின்தங்கினால் தடுமாற்றம் வரும், அதைக் குறைக்க உங்கள் கையில் இருப்பவை மிகச் சில. கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம்வரை பொருள்கள் தெரிய வேண்டும் என்பது, ஒளி பயணிக்கும் வழியைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங். கடைசியில் சொன்னது கார்டின் தலைவலி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நகரும் பொருள்களுக்கேற்பக் காட்சியின் கட்டமைப்பை ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் செயலிக்கும் அதில் நல்ல சுமை உண்டு.

டிஎல்எஸ்எஸ் பற்றி ஒரு வார்த்தை. "அதைப் போட்டும் ஃப்ரேம் ஏறவில்லை" என்று எழுதுபவர்களே, அது உங்கள் செயலி கொடுக்கும் வாக்குமூலம். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும்போது கார்டின் வேலைதான் குறைகிறது. ஏற்கெனவே காத்திருந்த கார்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கும், அவ்வளவுதான். 2022இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகளோடு வந்த ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு விதம். செயலி தயாரித்த ஃப்ரேம்களுக்கு நடுவில் கார்டே புதிய ஃப்ரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. எண் ஏறும், பார்க்கவும் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் அதனால் குறையாது. பலவீனமான செயலிக்கு அதை மருந்தாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

"டாஸ்க் மேனேஜரில் என் செயலி 35 சதவீதம்தான் ஓடுகிறது, அதன்மேல் எப்படிப் பழி போடுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. 12 த்ரெட் உள்ள செயலியில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினால் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். விளையாட்டுகளில் மற்ற வேலைகளையெல்லாம் கட்டி மேய்க்கும் பிரதான த்ரெட் ஒன்று இருக்கும். அது முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கும். வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ அதுதான் மொத்த வேகத்துக்கு எல்லை என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே சொல்லிவிட்டார். 2007இல் வந்த கிரைசிஸ் விளையாட்டைப் பாருங்கள். ஒற்றைக் கோரின் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிய காலத்தில் உருவானது. கோர்கள்தான் பெருகின. பல ஆண்டுகள் கழித்து வந்த பல கோர் செயலிகளிலும் அது சில இடங்களில் திணறியது. 2015இல் டைரக்ட்எக்ஸ் 12, 2016இல் வல்கன் என, விளையாட்டும் கார்டும் பேசிக்கொள்ளும் இடைமுகங்கள் வந்து, கார்டுக்குக் கட்டளை அனுப்பும் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழிசெய்தன. விளையாட்டின் சொந்தக் கணக்குகள் அதனால் குறைந்துவிடவில்லை. 2024இல் வந்த டிராகன்ஸ் டாக்மா 2 விளையாட்டின் நகரங்களில் ஃப்ரேம் சரிந்ததற்கு, ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் செயலியின் பெரும் பங்கு செலவாவதே காரணம் என்று தயாரிப்பாளர்களான கேப்காம் நிறுவனமே விளக்கம் கொடுத்தது.

கோர் எண்ணிக்கையையும் கிகாஹெர்ட்ஸையும் மட்டும் வைத்துச் செயலியை எடைபோடுவதும் தவறு. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ், அதற்குப் பின் 2022இல் வந்த 5800எக்ஸ்3டி, இரண்டுக்கும் எட்டு கோர்தான். பின்னதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், முன்னதைவிட 0.2 குறைவு. ஆனால் எல்3 கேஷ், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட்டாக உயர்ந்தது. பல விளையாட்டுகளில் வேகம் குறைந்த அந்தச் செயலிதான் தெளிவாக முந்தியது. விளையாட்டின் தரவுகள் ரேமுக்குப் போய்த் திரும்பும்வரை கோர் காத்திருக்கும் நேரம் அவ்வளவு பெரியது. இதே காரணத்தால்தான் ஒற்றை ரேம் குச்சியோடு விற்கப்படும் கணினிகளைக் கண்டால் எனக்கு மனம் கொதிக்கிறது. கார்டின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே ரேமின் இரண்டு பாதைகளில் ஒன்றைக் காலியாக விட்டு அனுப்புகிறார்கள். வாங்கியவர் செயலியைத் திட்டுகிறார்.

கார்டின் டிரைவரும் செயலியைத் தின்னும் என்பதை 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 எல்லோருக்கும் உணர்த்தியது. புதிய, வலுவான செயலிகளோடு சோதித்தபோது பாராட்டு வாங்கிய கார்டு. ரைசன் 5 2600 போன்ற பழைய செயலிகளோடு சேர்த்தபோது பல விளையாட்டுகளில் எதிர்பாராத அளவுக்குச் சரிந்தது. விலை குறைந்த கார்டு பழைய கணினிக்குத்தான் போகும், அங்கேயே அது தடுமாறியது. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னொரு வகை. கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐஇ பாதைகள் நான்கே கொண்டது, மூன்றாம் தலைமுறை பிசிஐஇ மதர்போர்டுகளில் மாட்டியதும் அதன் வேகம் இறங்கியது. அங்கே செயலியின் திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செயலி விமர்சனங்களில் மிக விலையுயர்ந்த கார்டை 1080பி திரையில் ஓட்டிக் காட்டுகிறார்களே, யார் அப்படி ஆடுவார்கள் என்று சண்டை பிடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சோதனை சரியானது. கார்டை வழியிலிருந்து விலக்கினால்தான் செயலியின் கூரை எவ்வளவு உயரம் என்று தெரியும். மூன்று ஆண்டு கழித்து நீங்கள் கார்டை மாற்றும்போது அந்தக் கூரையில்தான் தலை இடிக்கும்.

சரி, அக்கா மகன் கதைக்கு வருகிறேன். கணிப்பானை மூடச் சொன்னேன். விளையாட்டில், ஃப்ரேம்களைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் எடுத்துவிட்டு, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பயன்பாட்டைத் திரையில் வரவைக்கச் சொன்னேன். பயன்பாடு 95க்கு மேல் நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது என்று பொருள். அதற்கு மிகவும் கீழே இருந்து, ரெசல்யூஷனைக் குறைத்தும் ஃப்ரேம் எண்ணிக்கை அசையவில்லை என்றால் அநேகமாகச் செயலியின் பக்கம்தான் தடை. அவன் கதை விளையாட்டு ஒன்றை 1440பி திரையில் ஓட்டினான். கார்டு 97, 98. அங்கே பிரச்சினையே இல்லை. பிறகு நண்பர்களோடு ஆடும் துப்பாக்கி விளையாட்டு. கார்டு 60 சதவீதத்துக்கு அருகில்தான் நின்றது. "பார்த்தீர்களா மாமா, அது சொன்னது சரிதான்" என்றான். ஃப்ரேம் எத்தனை என்று கேட்டேன். 180ஐ ஒட்டி இருந்தது, லோ எண்ணும் 150க்குக் கீழே போகவில்லை. அவனுடைய திரை 144 ஹெர்ட்ஸ், விநாடிக்கு 144 முறைதான் படத்தை மாற்றும். செயலி தடுக்கிறது என்பது உண்மை, ஆனால் அவன் திரையால் காட்டவே முடியாத உயரத்தில்தான் தடுக்கிறது. ஃப்ரேம் வரம்பை 140இல் வைத்துவிட்டு ஆடத் தொடங்கினான். கார்டு அவனிடமே இருக்கிறது.

உங்களில் யாருக்காவது இதே சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், நேரம் எடுத்துப் பதில் எழுதுகிறேன். ஆனால் இரண்டு பாகங்களின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த விளையாட்டு, எந்த ரெசல்யூஷன், திரை எத்தனை ஹெர்ட்ஸ், வரம்பில்லாமல் ஓட்டும்போது கார்டின் பயன்பாடு எவ்வளவு, ஒரு சதவீத லோ எவ்வளவு, ரேம் எத்தனை குச்சி. இந்த ஆறையும் எழுதுங்கள்.