ஊட்டிக் குளிரில் நீரடி ஹாக்கியா?

கோடை விழாவோடு சேர்த்து ஊட்டியில் நீரடி ஹாக்கிப் போட்டியும், அதாவது நீச்சல் குளத்தின் அடியில் முங்கி ஆடும் ஹாக்கியும், நடத்தலாம் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். ஆசை நல்லதுதான். நான் குன்னூர்க்காரன், இங்கே மே மாசக் காலையிலேயே வாளித் தண்ணீரில் கை வைக்க யோசிப்போம். வெந்நீர்க் குளம் இல்லாமல் பிள்ளைகளை இறக்கினால் பெற்றோர் நம்மைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று மூச்சு. இதில் மூச்சுவிடக் காற்று சிலிண்டர் கிடையாது. அணிக்கு ஆறு பேர் மாறி மாறி முங்கி, சுமார் 1.3 கிலோ ஈய வில்லையை, ஒரு முழம்கூட வராத மட்டையால் குளத்தின் தரையோடு தள்ள வேண்டும். ஊட்டியோ 2,240 மீட்டர் உயரம். நடந்தாலே சமவெளிக்காரர்களுக்கு இளைக்கிறது!

கரையில் நிற்பவர்களுக்கும் ஆடுபவர்கள் மூச்சுவிடும் ஸ்நோர்கல் குழாயும் கலங்கும் தண்ணீரும்தான் தெரியும். அடியில் கேமரா, மேலே பெரிய திரை இருந்தால்தான் கூட்டம் நிற்கும். இல்லாவிட்டால் வர்க்கி வாங்கப் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், 1954-ல் இங்கிலாந்தில் இந்த ஆட்டம் பிறந்ததே, குளிர்காலத்தில் டைவிங் கிளப் ஆட்கள் கலைந்துபோகாமல் இருக்கத்தான். அவர்கள் ஆடியது நீச்சல் குளத்தில், கடலில் அல்ல. முதலில் கோவையில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் குளம் பிடித்து இரண்டு அணி சேருங்கள். மட்டைச் செலவில் என் பங்கும் உண்டு.